நோயாளியின் மொழியில் கேட்ட வைத்தியர்: மானிப்பாய் கிறீனின் கதை

பெரியம்மாவின் உடம்பில் ஷெல் துண்டு இருப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 2009 மாசியில் காயப்பட்டவர். ஒரு தற்காலிக ஆஸ்பத்திரியில் காயத்தைத் துப்புரவாக்கி மருந்து கட்டிவிட்டார்கள். அங்கே எழுதிக் கொடுத்த துண்டு, உடுப்புப் பையோடு சேர்ந்து வழியில் தொலைந்துபோனது.

கடந்த ஆண்டு நாரிநோவுக்காக அவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க வேண்டி வந்தது. அந்த மெஷின் ஒரு பெரிய காந்தம். உடம்புக்குள் இரும்பு இருந்தால் அது அசையலாம், சூடேறலாம். அதனால் தெற்கில் உள்ள அந்த ஆஸ்பத்திரியில் வைத்தியர் முதலில் காயத்தின் வரலாற்றைத்தான் கேட்டார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டார். மொழிபெயர்த்தது நான். பெரியம்மா பங்கரில் இருந்து தொடங்கினார். யார் தூக்கினது, எங்கே கிடத்தினது, எங்கெங்கே இரத்தம் வந்தது என்று போய்க்கொண்டிருந்தார். வெளியே வரிசை நீண்டு நின்றது. நான் அதைச் சுருக்கி, 2009, ஷெல், தோள் என்று மட்டும் சொன்னேன். வைத்தியரும் அதையே எழுதினார்.

எக்ஸ்றேயில் இரண்டு துண்டுகள் தெரிந்தன. இரண்டாவது இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. பெரியம்மா அதையும் சொல்லித்தான் இருந்தார். விட்டது நான்.

அந்த வெட்கத்தோடு ஊருக்கு வந்த பிறகுதான் மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரியின் பெயரில் இருக்கிற மனிதரைப் பற்றித் தேடி வாசித்தேன். சிறுவயதில் இருந்து அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன். கிறீன் யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845 இல் பட்டம் பெற்றார். அவருடைய அண்ணன் அன்ட்ரூ, நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கிய முக்கியஸ்தர்களில் ஒருவர். தம்பியும் அங்கேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் அமெரிக்க மிஷனில் சேர்ந்து, 1847 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

வந்த நோக்கத்தை மறைக்கத் தேவையில்லை. மக்களைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவருவதே அவருடைய வேலை. மருத்துவம் அதற்கு ஒரு வழி. அவருக்கு முன்னரே டொக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், டொக்டர் வார்ட் வட்டுக்கோட்டையிலும் வைத்தியம் பார்த்திருந்தார்கள். கிறீன் வட்டுக்கோட்டையில் தொடங்கி, அடுத்த ஆண்டே மானிப்பாய்க்கு மாறினார்.

அன்றைய வைத்தியரின் கையில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்றே வந்தது 1895 இல். உடற்சூட்டை அளக்கும் சிறிய வெப்பமானி 1860களின் பிற்பகுதியில்தான் வந்தது. பொஸ்ரனில் ஈதர் மயக்க மருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்து காட்டியதே 1846 இல்தான். அவர் வந்து இறங்கிய யாழ்ப்பாணத்தில் கொலரா திரும்பத் திரும்ப வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. எந்தக் கிருமியால் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. வைத்தியருக்கு இருந்தவை கண், கை, காது. அதோடு நோயாளி சொல்லும் கதை. எப்போது தொடங்கியது, எங்கே நோகிறது, என்ன சாப்பிட்டது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டுத்தான் நோயைப் பிடிக்க வேண்டும். அந்தக் கேள்விகளை நோயாளியின் மொழியில் கேட்காவிட்டால் பாதி நோய் தெரியாமலே போய்விடும்.

கிறீன் தமிழ் படித்தார். 1848 இலேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போனார்கள். கிராமத்து நோயாளி பழைய இடத்திலேயே நின்றார். இதே காரணத்தால்தான் 1855 இல் வட்டுக்கோட்டை செமினரியையும் மிஷன் மூடியது.

இங்கிருந்துதான் அவருடைய பெரிய வேலை வளர்ந்தது. 1850களிலேயே உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம் பற்றிய கட்டரின் நூலும், பிரசவ வைத்திய நூலும் தமிழில் வந்தன. பத்தாண்டு வேலைக்குப் பிறகு ஊர் திரும்பியவர், 1862 இல் மனைவி மாகிரட்டோடு மீண்டும் வந்தார். இந்த முறை மருத்துவ வகுப்பைத் தமிழுக்கே மாற்றினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று நூல்கள் தொடர்ந்தன. மொத்தம் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்.

இவற்றை அவர் தனியாகச் செய்யவில்லை. அவரிடம் படித்த டன்வதர், சப்மன் போன்ற நம்மூர் வைத்தியர்கள் மொழிபெயர்ப்பில் பெரும் பங்கெடுத்தார்கள். பெயரைப் பார்த்து அவர்களை வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். மிஷன் படிப்பில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர் வைப்பது அக்கால வழக்கம். ஒரு சொல்லுக்கு முதலில் தமிழில் தேடினார்கள். கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் எடுத்தார்கள். அதிலும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு மாற்றினார்கள். அப்படி வந்ததுதான் கெமிஸ்தம்.

அறுபதுக்கு மேற்பட்டவர்கள் அவரிடம் வைத்தியம் கற்று வெளியேறினார்கள். அவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் தமிழிலேயே படித்தவர்கள். மதம் மாறியவர்கள் வெள்ளைக்காரரின் உடையையும் பழக்கத்தையும் பின்பற்றுவதை கிறீன் விரும்பவில்லை. ஊர்ப் பழக்கத்தோடு ஊரிலேயே இருக்கும் வைத்தியர்தான் அவருக்குத் தேவைப்பட்டார்.

1873 இல் அவர் நிரந்தரமாக அமெரிக்கா திரும்பினார். அங்கே இருந்துகொண்டும் தமிழ் நூல்களைத் திருத்தினார். ஆனால் இங்கே காலம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1870 இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. படிப்பு ஆங்கிலத்தில். தமிழ் வழி மருத்துவம் மெல்ல மெல்ல நின்றுபோனது. கிறீன் 1884 இல், 61 வயதில், வூஸ்ரரில் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார். அப்படியே பொறித்தார்கள்.

அவரை மறக்காமல் வைத்திருந்தவர்களில் முக்கியமானவர் கவிஞர் அம்பி. கிறீனின் அடிச்சுவடு என்று அவர் எழுதிய நூல் இல்லாவிட்டால் எங்களில் பலருக்கு வெறும் ஆஸ்பத்திரிப் பெயர்தான் மிஞ்சியிருக்கும்.

மருத்துவப் படிப்பு மறுபடி தமிழுக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நோயாளியின் கதை தமிழில்தான் இருக்கிறது. போரில் காயப்பட்ட எத்தனையோ பேரின் மருத்துவப் பதிவுகள் இடம்பெயர்வில் அழிந்துவிட்டன. இப்போது அவர்களுக்கு வயது போகிறது. சலரோகமும் பிரஷரும் வந்து கிளினிக்குக்குப் போகிறார்கள். பழைய காயத்தைக் கேட்டால் காட்டுவதற்கு ஒரு கடதாசியும் இல்லை.

ஊருக்கு வந்த அடுத்த கிழமை ஒரு கொப்பி வாங்கினேன். பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, இடையில் வெட்டாமல், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். காயப்பட்ட திகதி, இடம், உடம்பில் எந்தப் பக்கம், யார் மருந்து கட்டியது, இரத்தம் ஏற்றினார்களா, எந்த மருந்து ஒத்துவரவில்லை, உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது. எழுதி முடிக்க மூன்று பின்னேரம் சென்றது. எக்ஸ்றே அறிக்கையின் பிரதியைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன். முதல் பக்கத்தில் வைத்தியருக்கென்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒரு சுருக்கம் எழுதினேன். இந்த முறை அதில் இரண்டு துண்டுகளும் இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.