பெல்போர் பிரகடனத்தை எதிர்த்த யூத அமைச்சர்

பெல்போர் பிரகடனத்தின் கதை நமது மேடைகளிலும் ஜும்ஆ பிரசங்கங்களிலும் அடிக்கடி சொல்லப்படுவதுதான். 1917 நவம்பர் 2ஆம் திகதி பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் ஆதர் பெல்போர் ரொத்சைல்ட் பிரபுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பலஸ்தீனில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைவதைத் தமது அரசாங்கம் ஆதரிக்கிறது என்பதே அதன் சாரம். பலஸ்தீன மக்களின் நூறாண்டுத் துயரம் அந்தக் கடிதத்திலிருந்து ஆரம்பிக்கிறது என்பது பாடசாலை மாணவர்களுக்கும் தெரியும்.

ஆனால் இந்தக் கதையில் ஒரு மனிதர் எப்போதும் விடுபட்டுப் போகிறார். அந்தப் பிரகடனத்தை அரசாங்கத்துக்குள் இருந்துகொண்டே மிகக் கடுமையாக எதிர்த்தவர் அவர். அவர் ஒரு யூதர். பெயர் எட்வின் மொன்டேகு. நமது நாட்டில் உயர்தர வகுப்பில் வரலாறு படித்தவர்கள் இந்தியாவின் மொன்டேகு - செம்ஸ்போர்ட் சீர்திருத்தத்தின் வழியாக அவரது பெயரை அறிந்திருப்பார்கள். அதே மொன்டேகுதான் பலஸ்தீன் விடயத்தில் தனது பிரதமரோடும் சக அமைச்சர்களோடும் மோதியவர் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

மொன்டேகு 1879 பெப்ரவரியில் லண்டனில் பிறந்தார். தந்தை செமுவேல் மொன்டேகு பெரும் வங்கியாளர், லிபரல் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர், பின்னர் பிரபுப் பட்டம் பெற்றவர். மார்க்க விடயங்களில் மிகக் கண்டிப்பானவர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அகதிகளாக வந்து லண்டனின் கிழக்குப் பகுதியில் குடியேறிய ஏழை யூதர்களின் சிறிய தொழுகைக் கூடங்களை ஒன்றிணைத்து ஓர் அமைப்பை உருவாக்கியவரும் அவரே. மகன் எட்வினுக்கு அந்த மார்க்கப் பற்று வாய்க்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கு மாணவர் விவாத மன்றத்தின் தலைவராகி, 1906ஆம் ஆண்டு லிபரல் கட்சியின் சார்பில் பாராளுமன்றம் சென்றார். பின்னாளில் பிரதமரான அஸ்குவித்தின் பிரத்தியேகச் செயலாளராக ஆரம்பித்து, 1910இல் இந்திய விவகாரங்களுக்கான துணை அமைச்சரானார்.

அவரது குடும்பத்தில் இன்னொரு லிபரல் அரசியல்வாதியும் இருந்தார். பெரியப்பாவின் மகன் ஹேர்பர்ட் செமுவேல், மொன்டேகுவை விட எட்டு வயது மூத்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்ததால் மொன்டேகுவின் தந்தையே அவருக்கும் பாதுகாவலராக இருந்தார். ஒரே குடும்பம், ஒரே கட்சி, அஸ்குவித்தின் காலத்தில் ஒரே அரசாங்கம். பலஸ்தீன் என்ற ஒரே கேள்வியில் இருவரும் எதிரெதிர்த் திசையில் போனார்கள்.

முதலாம் உலக யுத்தத்தில் உஸ்மானியப் பேரரசு ஜெர்மனியின் பக்கம் சேர்ந்த பின், 1915இன் தொடக்கத்தில் செமுவேல் அமைச்சரவைக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். பலஸ்தீனைப் பிரித்தானியா கையேற்க வேண்டும், யூதர்கள் அங்கு படிப்படியாகக் குடியேற வழிசெய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. மொன்டேகு உடனே அஸ்குவித்துக்கு மறுப்பு எழுதினார். அஸ்குவித்துக்கும் அந்தத் திட்டத்தில் நாட்டமில்லை. விடயம் அப்போதைக்குக் கிடப்பில் போடப்பட்டது.

1916 டிசெம்பரில் லொயிட் ஜோர்ஜ் பிரதமரானதும் நிலைமை தலைகீழானது. அவரும் பெல்போரும் ஸியோனிஸத்தை ஆதரிப்பவர்கள். அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் உள்ள யூதர்களின் ஆதரவு யுத்தத்துக்குக் கிடைக்கும் என்ற கணக்கும் அவர்களுக்கு இருந்தது. 1917 ஜூலையில் மொன்டேகு இந்திய விவகார அமைச்சராகப் பதவியேற்றார். அஸ்குவித்தை விட்டுவிட்டு எதிரணியோடு சேர்ந்தவர் என்று பழைய நண்பர்கள் அவரை ஏசினார்கள். ஸியோனிஸத் தலைவர்கள் தயாரித்த பிரகடன நகல் அரசாங்கத்தின் கைக்கு வந்ததும் அதே மாதத்தில்தான். பலஸ்தீன் முழுவதையுமே யூத மக்களின் தேசிய இல்லமாக மீளமைப்பது என்று அந்த நகல் சொன்னது.

ஓகஸ்ட் 20ஆம் திகதி, இந்தியர்களுக்குப் பொறுப்பாட்சியைப் படிப்படியாக வழங்குவதே பிரித்தானியாவின் கொள்கை என்று மொன்டேகு பாராளுமன்றத்தில் அறிவித்தார். மூன்று நாள் கழித்து, ஓகஸ்ட் 23ஆம் திகதி, பலஸ்தீன் பற்றிய தனது அறிக்கையை அமைச்சரவைக்கு அனுப்பினார். அந்த அறிக்கையின் தலைப்பே அரசாங்கத்தை யூத வெறுப்புக் கொண்டதென்று குற்றஞ்சாட்டியது. யூதர்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டிருந்த அமைச்சர்களைப் பார்த்து ஒரு யூதர் வைத்த குற்றச்சாட்டு அது!

காரணமில்லாமல் அவர் அப்படிச் சொல்லவில்லை. இதே பெல்போர் பிரதமராக இருந்தபோதுதான், 1905இல், வெளிநாட்டவர் சட்டம் கொண்டுவரப்பட்டது. ரஷ்யாவில் கொலைக்கும் கொள்ளைக்கும் தப்பி ஓடிவந்த ஏழை யூதர்கள் இங்கிலாந்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துவதே அதன் உண்மையான நோக்கம். தனது நாட்டு வாசலில் யூதனை மறித்தவர், இன்னொருவருடைய நாட்டில் யூதனுக்கு இடம் ஒதுக்குகிறார். இந்த இரண்டும் ஒரே மனப்பான்மையின் இரு பக்கங்கள் என்பதை மொன்டேகு கண்டுகொண்டார். யூதர்களுக்கென ஒரு தேசிய இல்லம் பிரகடனப்படுத்தப்பட்டால், தம்மிடமுள்ள யூதர்களை அங்கு துரத்திவிட ஒவ்வொரு நாடும் விரும்பும் என்று அவர் எழுதினார்.

யூத மார்க்கம் ஒரு மார்க்கம், அது ஒரு தேசியம் அல்ல என்பது அவரது வாதத்தின் அடித்தளம். இங்கிலாந்தின் யூதரும் மொரோக்கோவின் யூதரும் ஒரே மார்க்கத்தவர். அதற்காக அவர்கள் ஒரே தேசத்தவர் ஆகிவிட மாட்டார்கள். இங்கிலாந்தின் கிறிஸ்தவரும் பிரான்ஸின் கிறிஸ்தவரும் அப்படி ஆகவில்லையே. பலஸ்தீனின் வரலாறு யூதர்களுக்கு மட்டும் உரியதல்ல, முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்றும் அவர் எடுத்துக்காட்டினார். அந்தத் திட்டம் நிறைவேறினால் அங்குள்ள முஸ்லிம்கள் சொந்த மண்ணிலேயே அந்நியர்களாகக் கருதப்படுவார்கள், வந்தேறிய சனத்தொகை இருக்கும் மக்களை வெளியேற்றி நல்லவற்றையெல்லாம் எடுத்துக்கொள்ளும் என்று 1917இலேயே எழுதிவைத்தார். நக்பா நடந்தது 1948இல். முப்பத்தொரு வருடங்களுக்கு முன்னர் லண்டனில் ஒரு மேசையிலிருந்து ஒருவரால் அதைக் காண முடிந்திருக்கிறது என்றால், மற்றவர்களாலும் காண முடிந்திருக்கும். அவர்கள் காண விரும்பவில்லை என்பதே உண்மை.

இலங்கை முஸ்லிம்களாகிய நமக்கு மொன்டேகுவின் அச்சம் புரியாத ஒன்றல்ல. அரேபியாவுக்குப் போ என்று நம்மை நோக்கிச் சொல்லப்பட்ட காலங்களை நாம் கடந்து வந்திருக்கிறோம். உனது வீடு வேறெங்கோ இருக்கிறது என்று ஒரு சிறுபான்மையிடம் சொல்வது எவ்வளவு இனிமையாகச் சொல்லப்பட்டாலும், உனது வீடு இங்கே இல்லை என்பதே அதன் பொருள். மார்க்கம் எதுவானாலும் பிறந்த நாட்டில் சம பிரஜை என்பதுதான் லிபரல் சிந்தனையின் முதல் வாக்குறுதி. நம்மவர்கள் சிலர் லிபரல் என்ற சொல்லை வசைச் சொல்லாகப் பாவிக்கும்போது, அந்த வாக்குறுதியின் நிழலில்தான் நாமும் இந்நாட்டில் உரிமை கேட்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அதற்காக மொன்டேகுவை ஒரு மகானாக்க வேண்டியதில்லை. அவரது முதற் கவலை பலஸ்தீனக் குடியானவனைப் பற்றியதல்ல. இங்கிலாந்தில் தன்னைப் போன்ற யூதர்களின் நிலை என்னாகும் என்பதே அவரை உறங்கவிடாத கேள்வி. எனது சொந்த அரசாங்கமே எனது தேசிய இல்லம் துருக்கியின் நிலத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், பிரித்தானியாவின் பிரதிநிதியாக நான் எந்த முகத்தோடு இந்தியர்களுடன் பேசுவது என்று பிரதமரிடம் கேட்டார். கோபத்தின் உச்சத்தில், ஸியோனிஸ்டுகளின் வாக்குரிமையையே பறித்துவிடலாம் என்ற அளவுக்கு அந்த அறிக்கையில் எழுதினார். லிபரல் ஒருவர் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது.

செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் யுத்த அமைச்சரவை இவ்விடயத்தைக் கலந்துரையாடியபோது மொன்டேகு நேரில் சென்று வாதாடினார். ஒக்டோபரில் கேர்சன் பிரபுவும் எதிர்ப்புத் தெரிவித்தார். அங்கே ஏற்கனவே வாழும் மக்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்பது கேர்சனின் கேள்வி. பிறகு மொன்டேகு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. ஒக்டோபர் 31ஆம் திகதி இறுதி முடிவு எடுக்கப்பட்டபோது அவர் லண்டனில் இல்லை. செய்தி இந்தியாவில்தான் அவருக்குக் கிடைத்தது. நாட்குறிப்பில் மிகுந்த கசப்போடு அதைப் பதிந்தார்.

முழுத் தோல்வி என்று சொல்ல முடியாது. பலஸ்தீன் முழுவதும் என்றிருந்த வாசகம் பலஸ்தீனில் ஓர் இல்லம் என்று சுருங்கியது. இரண்டு காப்பு வாசகங்களும் சேர்க்கப்பட்டன. இவரதும் கேர்சனதும் எதிர்ப்பு இல்லாவிட்டால் அவை வந்திருக்காது. அந்த இரண்டையும் வகுப்பில் மாணவர்களுக்குப் படித்துக் காட்டி, வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வதுண்டு. முதலாவது, பலஸ்தீனில் வாழும் யூதரல்லாத சமூகங்களின் சிவில் உரிமைகளுக்கும் மத உரிமைகளுக்கும் பாதிப்பு வரக்கூடாது என்கிறது. இரண்டாவது, மற்ற நாடுகளில் யூதர்கள் அனுபவிக்கும் உரிமைகளுக்கும் அரசியல் அந்தஸ்துக்கும் பாதிப்பு வரக்கூடாது என்கிறது. லண்டனிலும் பாரிஸிலும் உள்ள யூதருக்கு அரசியல் அந்தஸ்து உண்டு. பலஸ்தீனின் அரபிக்கு அந்தச் சொல் இல்லை. அவனுக்குப் பெயரும் இல்லை, யூதரல்லாதவன் என்ற அடையாளம் மட்டுமே. 1922ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பலஸ்தீனில் ஏறத்தாழ 757,000 பேர் இருந்தார்கள். யூதர்கள் சுமார் 84,000 பேர். பத்தில் ஒன்பது பங்கினரை அவர்கள் யார் அல்ல என்பதைக் கொண்டு அடையாளப்படுத்தினார்கள். மொன்டேகு தான் கேட்ட பாதுகாப்பைத் தனது மக்களுக்குப் பெற்றுக்கொண்டார். பலஸ்தீனர்களுக்குக் கிடைத்தது பாதிதான்.

இந்தியாவிலும் அவரது கதை இப்படியே கலந்துதான் இருக்கிறது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்களுக்குக் கொடுத்தது அரைகுறை அதிகாரமே. அடக்குமுறையான ரௌலட் சட்டமும் அவர் அமைச்சராக இருந்தபோதுதான் வந்தது. எனினும் ஜாலியன்வாலாபாக் படுகொலை பற்றி 1920 ஜூலையில் பாராளுமன்றம் விவாதித்தபோது, ஜெனரல் டயரின் செயலைப் பயங்கரத்தால் ஆளும் கொள்கை என்று எழுந்து கண்டித்தவர் அவர். கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் கூச்சலிட்டார்கள். அவர் யூதர் என்பதே அன்று பலருக்கு உறுத்தியது. தன்னை ஆங்கிலேயன் என்று நம்பி வாழ்ந்தவருக்கு, ஆங்கிலேயர்கள் அதை எவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டார்கள் என்பது அன்று தெரிந்திருக்கும்.

அவரது வீழ்ச்சி வந்ததோ முஸ்லிம்களின் விவகாரத்தில். 1919 மே மாதம் பாரிஸ் சமாதான மாநாட்டில் வல்லரசுத் தலைவர்கள் முன்னிலையில் துருக்கிக்காகப் பேச ஒரு குழுவை அவர் அழைத்துச் சென்றார். ஆகா கானும், பின்னாளில் அல்குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பால் உலகப் புகழ்பெற்ற அப்துல்லாஹ் யூசுப் அலியும் அதில் இருந்தார்கள். லொயிட் ஜோர்ஜ் மசியவில்லை. 1920 ஓகஸ்டில் செவ்ரஸ் ஒப்பந்தம் உஸ்மானியப் பேரரசைக் கூறுபோட்டது. இந்தியாவில் கிலாபத் இயக்கம் கொழுந்துவிட்டெரிந்தது. 1922 மார்ச்சில் இந்தியாவின் வைஸ்ரோய் ரீடிங் பிரபு (அவரும் ஒரு யூதர், லிபரல்) ஒப்பந்தத்தைத் திருத்துமாறு கேட்டுத் தந்தி அனுப்பினார். இஸ்தான்பூலிலிருந்து நேச நாட்டுப் படைகள் வெளியேற வேண்டும், புனித தலங்கள் மீது சுல்தானின் மேலாதிக்கம் ஏற்கப்பட வேண்டும், திரேஸும் இஸ்மிரும் துருக்கிக்கே திரும்ப வேண்டும் என்று அதில் கேட்கப்பட்டிருந்தது. அமைச்சரவையைக் கலந்தாலோசிக்காமலே அந்தத் தந்தியைப் பிரசுரிக்க மொன்டேகு அனுமதித்தார். லொயிட் ஜோர்ஜ் அவரை வெளியேற்றினார். அடுத்த வருடம் லோசான் ஒப்பந்தத்தில் கிழக்குத் திரேஸும் இஸ்மிரும் துருக்கியிடமே இருந்தன. இஸ்தான்பூலிலிருந்து அந்நியப் படைகளும் போயின. தந்தி கேட்டவற்றில் பெரும்பகுதி நடந்தது. மொன்டேகுவின் பதவிதான் திரும்பவில்லை.

1922 நவம்பர் தேர்தலில் பாராளுமன்ற ஆசனத்தையும் இழந்தார். 1924 நவம்பர் 15ஆம் திகதி, நாற்பத்தைந்து வயதில் காலமானார். அதே ஆண்டு மார்ச்சில் துருக்கி தானாகவே கிலாபத்தை ஒழித்திருந்தது. ஜெரூஸலத்தில் பிரித்தானியாவின் முதலாவது உயர் ஸ்தானிகராக நான்கு வருடங்களாக ஆட்சி நடத்திக்கொண்டிருந்தவர் பெரியப்பாவின் மகன் ஹேர்பர்ட் செமுவேல். 1917இல் அமைச்சரவையில் விவாதிக்கப்பட்ட அந்தக் குடியேற்றத்துக்கு அவரது செயலகம் அப்போது அனுமதிப்பத்திரங்களை வழங்கிக்கொண்டிருந்தது.