காவலரில்லா அரண்மனை

பள்ளிக்கரணைக் கடைவீதியிலே, வேளச்சேரி – தாம்பரம் சாலையிலே, நாள்தோறும் ஒரு காட்சி. வங்கிக்குப் பணம் கொண்டுவரும் வண்டி வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. சீருடைக்காரர் ஒருவர் இறங்குகிறார். அவர் தோளிலே இரட்டைக் குழல் துப்பாக்கி! டீக்கடையிலே நிற்கும் தோழர்கள் ஒரு கணம் பார்க்கிறார்கள், பிறகு பேச்சைத் தொடர்கிறார்கள். அவரைக் கண்டு எவருக்கும் அச்சமில்லை. அவரும் நம்மைப்போல் மாதச் சம்பளத்துக்கு மாரடிக்கும் ஏழைதான். அந்தத் துப்பாக்கி பணப்பெட்டிக்குக் காவல், அவருக்கல்ல.

இன்னொரு காட்சி. பிரமுகர் ஒருவர் திருமண மண்டபத்துக்கு வருகிறார். முன்னே ஒரு துப்பாக்கி, பின்னே ஒரு துப்பாக்கி. 1948-லே காந்தியாரையும், 1984-லே இந்திரா அம்மையாரையும் குண்டுக்குப் பறிகொடுத்த நாடு இது. உயிருக்கு ஆபத்து உள்ளவருக்குக் காவல் வேண்டும், மறுப்பார் யார்? ஆனால், ஆபத்து எதுவும் அண்டாதவரும் துப்பாக்கிக்காரர் துணையின்றித் தெருவிலே இறங்கமாட்டேன் என்கிறாரே, அது ஏன்?

மூன்றாவது காட்சி கசப்பானது. பிறந்தநாள் என்று கூடுகிறார்கள் இளைஞர்கள். கேக் வெட்டக் கையிலே பட்டாக்கத்தி! அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். மறுநாள் காவல் நிலையத்திலே தாயார் கண்ணீர் வடிக்கிறார்.

கடல் கடந்து பார்த்தால், அமெரிக்காவிலே பல மாநிலங்களில், காய்கறி வாங்கப் போகிறவர்கூட இடுப்பிலே துப்பாக்கி தெரியச் செருகிக்கொண்டு போகலாம். டெக்சாஸ் மாநிலத்திலே 2021 முதல் கைத்துப்பாக்கிக்கு உரிமம்கூடத் தேவையில்லை.

ஏன் ஏந்துகிறார்கள், எல்லோரும் காண ஏன் ஏந்துகிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடும்போது, நமக்கு ஒரு மனிதரின் நினைவு வருகிறது. ஆயுதக் கலையிலே ஆசானாக இருந்தும், ஆயுதமேந்திய காவலர் ஒருவர்கூட இல்லாத அரண்மனையிலே வாழ்ந்தவர். அவர்தான் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது.

அரச குலத்திலே பிறந்தவரல்லர் அவர். அருப்புக்கோட்டை வட்டாரத்திலே, நரிக்குடிக்குப் பக்கத்திலே முக்குளம் என்ற சிற்றூர். அங்கே பெரிய மருது 1748-லும், சின்ன மருது 1753-லும் பிறந்தார்கள். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் ஊழியத்துக்குச் சேர்ந்தார்கள். பிறப்பு தராத பெருமையை உழைப்பு தந்தது.

1772 ஜூன் 25. ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் வசூலித்துக் கொடுக்கும் வேலையை மேற்கொண்ட கும்பினிப் படை, காளையார்கோயிலிலே பாய்ந்தது. மன்னர் மாண்டார். அரசி வேலு நாச்சியார் மகளுடன் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குச் சென்றார். கோபால் நாயக்கர் அடைக்கலம் தந்தார். மைசூரின் ஐதர் அலி படையுதவி தந்தார். உடனிருந்து உழைத்தவர்கள் மருதிருவர். எட்டாண்டுகள் காத்திருந்து, 1780-லே சிவகங்கையை மீட்டார்கள். அரசி அரியணை ஏறினார். சின்ன மருது பிரதானியானார். பெரிய மருது படை நடத்தினார்.

தெலுங்கு பேசும் பாளையக்காரர் அடைக்கலம் தருகிறார், முஸ்லிம் மன்னர் படை தருகிறார், ஒரு பெண் அரசாளுகிறார், ஊழியராய் வந்தவர்கள் அமைச்சும் படையும் நடத்துகிறார்கள். சாதியும் மதமும் தடுத்ததா? தடுக்கவில்லை! இதைப் பிற்காலத்துப் பெருமைக்காரர்கள் மறந்தாலும் நாம் மறக்கலாகாது.

அந்தச் சின்ன மருது எப்படி வாழ்ந்தார் என்பதை நம்மவர் எழுதியிருந்தால், புகழுரை என்று தள்ளிவிடலாம். எழுதியவர் வெள்ளைக்காரர், அதுவும் கும்பினிப் பட்டாளத்து அதிகாரி. ஜேம்ஸ் வெல்ஷ் என்பது அவர் பெயர். 1795-லே மதுரைப் பகுதியிலே பணியாற்றிய இளைஞர். பிற்காலத்திலே தம் படைவாழ்வு நினைவுகளை 1830-லே நூலாக வெளியிட்டார்.

அவர் தரும் சித்திரத்தைக் கேளுங்கள். சிறுவயலிலே இருந்தது சின்ன மருதுவின் மாளிகை. கருத்த மேனி, கம்பீரத் தோற்றம், கனிவான பேச்சு. தலையசைத்தால் அது சட்டம். அத்தகையவரின் மாளிகை வாயிலிலே ஒரு காவலர்கூட இல்லை! வர விரும்புகிறவர் வரலாம், போக விரும்புகிறவர் போகலாம். வந்து போனவர்களெல்லாம் அவரைக் குடிகளின் தந்தையென வாழ்த்திச் சென்றார்களாம்.

ஆயுதம் அறியாத காரணத்தாலா காவல் வைக்கவில்லை? இல்லை, தோழர்களே! வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவரே சின்ன மருதுதான். வளரி என்பது பிறைபோல் வளைந்த எறிபடை. மரத்திலும் இரும்பிலும் செய்வார்கள். கைதேர்ந்தவர் வீசினால் நூறு கஜ தூரத்துக்குள் குறி தப்பாது என்று அந்த வெள்ளையரே வியந்தெழுதினார். அண்ணன் பெரிய மருதுவோ வேட்டையிலே வேந்தர். ஆர்க்காட்டு வெள்ளி ரூபாயை விரலாலேயே வளைத்துவிடும் வலிமை படைத்தவர் என்றும் குறித்து வைத்திருக்கிறார்.

கையிலே வலிமை உண்டு. கலையிலே தேர்ச்சி உண்டு. ஆனால் வாயிலிலே காவல் இல்லை. ஏன்? தம் மக்களைக் கண்டு அவர் அஞ்சவில்லை. அவரைக் கண்டு அவர் மக்களும் அஞ்சவில்லை. அஞ்சுகிறவனும் அச்சுறுத்துகிறவனும்தான் ஆயுதத்தை ஊரார் கண்ணிலே படும்படி வைத்துக்கொள்வான். இரண்டும் இல்லாத இடத்திலே ஈட்டி சுவரிலே சாய்ந்திருக்கும்.

அந்தத் திறந்த வாயிலுக்குத்தான் சோதனை வந்தது. 1799 அக்டோபர் 16-லே கயத்தாற்றிலே கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது கும்பினி. அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியிலே தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே மாதத்திலே அது மறுபடி வீழ்ந்தபோது, சிறுவயலுக்கு வந்தார். வருகிறவரைத் தடுக்காத வாயில், தலைக்கு விலை வைக்கப்பட்டவரையும் தடுக்கவில்லை. ஒப்படைத்துவிடு என்றான் கும்பினிக்காரன். சின்ன மருது மறுத்தார். மறுத்தால் சீமை போகும், தலையும் போகும் என்பது தெரியாதவரல்லர் அவர். தெரிந்தே மறுத்தார்.

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டிருந்தது. சின்ன மருதுவின் அறிக்கை! எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் அது விளித்தது. நவாபு ஏமாந்து இடங்கொடுத்ததையும், அந்நியன் நாட்டை நாய்போல் நடத்துவதையும், நம்மவருக்குள் ஒற்றுமை இல்லாததே அதற்கு இடம் தந்ததையும் எடுத்துரைத்தது. ஆயுதம் எடுங்கள் என்று அழைத்தது.

கவனியுங்கள். வாயிலிலே காவல் வைக்காதவர், ஆயுதம் எடு என்கிறார். முரணா? இல்லை. தம் குடிகளுக்கு எதிராக அவர் ஆயுதம் காட்டவில்லை. முறையிட மன்றமும், வாக்களிக்கப் பெட்டியும், கேள்வி கேட்க ஏடும் இல்லாத காலத்திலே, கொள்ளையடித்த கும்பினிக்கு எதிராக எடுக்கச் சொன்னார்.

போர் மூண்டது. கர்னல் அக்னியு படையுடன் வந்தான். சிறுவயல் தீக்கிரையானது. காளையார்கோயில் காட்டை வெட்டி வழி செய்ய முயன்ற கும்பினிப் படை, ஒரு மாதம் உழன்று பின்வாங்கியது. பீரங்கியால் ஆகாததைப் பிளவால் சாதித்தார்கள். அரச குடும்பத்து உரிமைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்துச் செப்டம்பரிலே அவருக்குப் பட்டம் கட்டினார்கள். ஊழியக்காரர்களுக்கா ஆட்சி என்ற பேச்சைக் கிளப்பினார்கள். பிறப்பைச் சொல்லிப் பிரிக்கும் பழைய சூழ்ச்சி! அது பலித்தது. அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. சின்ன மருது தொடையெலும்பு முறிந்து பிடிபட்டார். 1801 அக்டோபர் 24-லே திருப்பத்தூரிலே அண்ணனும் தம்பியும் தூக்கிலிடப்பட்டார்கள். சுற்றத்தாரும் தோழர்களும் உடன் மாண்டார்கள்.

வேட்டையாடிய படையிலே வெல்ஷும் இருந்தார்! வளரி கற்றுத் தந்த ஆசானைக் காட்டு விலங்கைப்போல் துரத்த நேர்ந்ததையும், தூக்கிலே தொங்கக் கண்டதையும் மனம் நொந்து எழுதினார். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி பதினைந்து வயதுச் சிறுவன். அவனையும் சேர்த்து 73 பேரைப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1818-லே அங்கே போன வெல்ஷ், கவலையால் முதுமை படிந்த முகத்தோடு ஒருவரைக் கண்டார். அவர்தான் துரைசாமி.

வாழ்க்கை அத்தோடு முடிந்தது. ஆனால் நம் கேள்விக்கான விடை அதன் பிறகுதான் தொடங்குகிறது.

1801 டிசம்பர் முதல் நாள், சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் செய்தார். பாளையக்காரர் கோட்டைகள் இடிபட வேண்டும். குடிமக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். மீறினால் மரண தண்டனை. அன்றிலிருந்து தெற்குச் சீமையின் தெருக்களிலே துப்பாக்கியோடு நடக்கக் கூடியவன் கும்பினியின் ஆள் மட்டுமே. வளரி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று.

பிறகு வந்தது லிட்டன் பிரபுவின் ஆட்சி. 1878 என்ற ஒரே ஆண்டிலே இரண்டு சட்டங்கள். ஒன்று தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று ஆயுதச் சட்டம்: இந்தியருக்கு உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் விலக்கு. பத்திரிகைச் சட்டம் 1882-லே ரிப்பன் பிரபு காலத்திலே போயிற்று. ஆயுதச் சட்டமோ நாடு விடுதலை பெற்ற பிறகும் நீடித்து, 1959-லே புதுச் சட்டம் இயற்றப்பட்ட பிறகே விலகியது.

ஆயுதம் இழந்தவர் கதி என்ன ஆயிற்று? வளரி வீசிய மக்களிலே ஒரு சாராரைக் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திக் கைரேகை எடுத்தார்கள். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரிலே 1920 ஏப்ரல் 3-லே போலீசார் சுட்டார்கள். ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1791-லே ஆயுதம் தாங்கும் உரிமையை அரசியல் சட்டத்திலே எழுதிக்கொண்டார்கள். ஆனால் 1865-லே மிசிசிப்பி மாநிலம் உரிமமின்றிக் கறுப்பர் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்றது. 1967-லே கலிபோர்னியாவிலே கருஞ்சிறுத்தைக் கட்சியினர், போலீசாரின் அடக்குமுறையைக் கண்காணிக்கத் துப்பாக்கி ஏந்தித் தெருவிலே நின்றார்கள். உடனே குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்திலே ஏந்தத் தடை வந்தது! கையெழுத்திட்டவர் கவர்னர் ரீகன். வெள்ளையர் ஏந்தினால் உரிமை. கறுப்பர் ஏந்தினால் கலகம்!

இப்போது விடை தெளிவாகிறது. வெளிப்படையாக ஏந்தப்படும் ஆயுதம் சுடுவதற்கு முன்பே பேசுகிறது. நான் ஏந்தலாம், நீ ஏந்தலாகாது என்று பேசுகிறது. மேலே யார், கீழே யார் என்று தெருவுக்கு அறிவிக்கிறது. அதனால்தான் அச்சமில்லாதவனும் அதை விரும்புகிறான்.

அப்படியானால் எல்லோருக்கும் துப்பாக்கி கொடு என்போமா? மாட்டோம்! ஆயுதம் பெருகினால் சமத்துவம் பெருகாது, சவங்கள்தாம் பெருகும். இன்றைய சட்டத்தின்படி உரிமம் பெற்றவரும் பொது இடத்திலே துப்பாக்கியை உறையிலிட்டே கொண்டு செல்ல வேண்டும், சுழற்றிக் காட்டலாகாது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்திலே ஒப்படைக்க வேண்டும். வாக்குப்பெட்டி இருக்கும் ஊரிலே துப்பாக்கி தலைதாழ்ந்து கிடக்க வேண்டும் என்பது நல்ல விதி. அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் சட்டம் மட்டும் போதுமா? இதே பள்ளிக்கரணையிலே 2024 பிப்ரவரியிலே, சாதி கடந்து மணம் செய்துகொண்ட குற்றத்துக்காக இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்த 1967-க்குப் பிறகு ஐம்பத்தேழு ஆண்டு கழித்து! அந்த அரிவாளும் பேசியது. கும்பினியின் துப்பாக்கி பேசிய அதே மொழியைத்தான் பேசியது.

ஒவ்வோர் அக்டோபரிலும் மருது பாண்டியருக்கு விழா எடுக்கிறார்கள். காவலரின்றி வாழ்ந்தவரின் நினைவுநாளுக்கு ஆயிரக்கணக்கிலே போலீசார் காவல் நிற்க வேண்டியிருக்கிறது! எல்லாச் சாதியாரையும் அழைத்த அறிக்கைக்காரரை ஒரு சாதியின் வேலிக்குள் அடைத்தால், வேறென்ன நடக்கும்?

ஆகவே, கழகத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. உங்கள் தெருவிலே பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் தம்பியை முதலிலே நீங்கள் தடுத்து நிறுத்துங்கள். காவல் நிலையம் வரை போகவிடாதீர்கள். சாதி கடந்து மணம் செய்து நிற்கும் பிள்ளைகளுக்குச் சிறுவயல் வாயிலைப்போல் உங்கள் வீட்டு வாயில் திறந்திருக்கட்டும். பொறுப்புக்கு வருகிறவரை அளக்க வேண்டுமா? அவருக்கு முன்னே எத்தனை துப்பாக்கி நடக்கிறது என்று எண்ணாதீர்கள். இரவு பத்து மணிக்கு வேலையிழந்த தொழிலாளி ஒருவர், எவரிடமும் கேளாமல் அவர் வீட்டுப் படியேற முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அவர் நம் தலைவர்!