சேலம் முனிசிபாலிட்டியில் ராஜாஜி

டிசம்பர் மாதம் வந்தால் ராஜாஜியின் நினைவு வராமல் போகாது. அவர் பிறந்தது டிசம்பர் 10. மறைந்தது டிசம்பர் 25. நம் சங்கக் கூட்டங்களில் அவரைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் கவர்னர் ஜெனரல் பதவி, மதுவிலக்கு, சுதந்திராக் கட்சி, சக்கரவர்த்தித் திருமகன் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஆனால் அவர் முதன்முதலில் வகித்த பொதுப் பதவியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அது சேலம் முனிசிபாலிட்டியின் சேர்மன் பதவி. அவருடைய பிற்கால வாழ்க்கைக்கு அஸ்திவாரம் அங்கேதான் போடப்பட்டது என்பது என் எண்ணம். அதனால் அந்தச் சில வருடங்களைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ராஜாஜி 1878-ஆம் வருடம் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் வேங்கடார்ய ஐயங்கார் அந்தக் கிராமத்தின் முன்சீப். தாயார் சிங்காரம்மாள். ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சென்னை பிரசிடென்சி கல்லூரியில் சட்டம் முடித்து, 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலை ஆரம்பித்தார். தொழில் வெகு சீக்கிரம் சூடு பிடித்தது. கிரிமினல் வழக்குகளில் அவருடைய வாதத்திறமைக்கு நல்ல பெயர்.

அப்போது சேலத்தின் பெரிய மனிதர் சி. விஜயராகவாச்சாரியார். 1882-ல் நடந்த சேலம் கலவர வழக்கில் அவரும் சேர்க்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டு, பிறகு ஹைகோர்ட்டில் விடுதலையானவர். அந்த வழக்கைக் காரணம் காட்டித் தம்மை முனிசிபல் அங்கத்தினர் பதவியிலிருந்து நீக்கியதை எதிர்த்துச் சர்க்கார் மீதே வழக்குத் தொடுத்து வென்றவர். ஓர் ஊரின் கௌன்சிலில் ஒரு நாற்காலி என்பது அந்நாளில் எவ்வளவு மதிப்புள்ளதாக இருந்தது என்பதற்கு இதுவே சாட்சி. ரிப்பன் பிரபு 1882-ல் கொண்டுவந்த ஸ்தல ஸ்தாபன சீர்திருத்தத்திற்குப் பிறகு, இந்தியர்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். ஓட்டுரிமையும் எல்லோருக்கும் இல்லை. வரி கட்டுகிறவர்களில் குறிப்பிட்ட சிலருக்கு மட்டுமே இருந்தது.

இந்தச் சூழ்நிலையில் ராஜாஜி 1911-ல் சேலம் முனிசிபல் அங்கத்தினர் ஆனார். 1917-ல் சேர்மன் ஆனபோது அவருக்கு 38 வயது. அதற்குச் சற்று முன்புதான் மனைவி அலமேலு மங்கம்மாள் காலமாகியிருந்தார். மூன்று பிள்ளைகள், இரண்டு பெண்கள். கடைசிக் குழந்தை லக்ஷ்மிக்கு ஐந்து வயதுதான். வேறொருவராக இருந்தால் வீடும் கோர்ட்டுமே போதும் என்று இருந்திருப்பார். இவர் ஊர்ப்பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்.

முனிசிபல் வேலை என்பது மேடையில் கைதட்டல் வாங்கும் வேலை அல்ல. தெருவிளக்கு எரிகிறதா, சாக்கடை வழிகிறதா, குப்பை வண்டி வந்ததா, சந்தையில் சுங்கம் சரியாக வசூலாகிறதா, அம்மை குத்துகிறவர் வீடுவீடாகப் போகிறாரா, ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு வரியை ஓரணா ஏற்றினால் ஊரே திட்டும். ஏற்றாவிட்டால் சம்பளம் கொடுக்கப் பணம் இராது. அவர் சேர்மனாக இருந்ததோ முதல் உலக யுத்தம் நடந்த காலம். விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. 1918-ல் விஷ ஜுரம் ராஜதானி முழுவதும் பரவி எண்ணற்றவர்களைக் கொண்டு போயிற்று. அந்த நேரத்தில் ஓர் ஊரின் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பதை 2020-க்குப் பிறகு நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி தண்ணீர். மேட்டூர் அணை 1934-ல்தான் கட்டி முடிந்தது. அதற்கு முன் சேலம் நம்பியிருந்தது பனமரத்துப்பட்டி ஏரியை. குழாய்த் தண்ணீரைத் தெருத்தெருவாகத் திறந்து விடுவதும் மூடுவதும் முனிசிபல் சிப்பந்திகளின் வேலை. இந்தத் தண்ணீர் விஷயத்தில்தான் ராஜாஜிக்குப் பெரிய சோதனை வந்தது.

தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு சிப்பந்தி அக்ரஹாரத்துக்குத் தண்ணீர் திறந்து விடும் வேலையில் அமர்ந்தார். அக்ரஹாரத்தில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அவர் கைபட்டு வரும் தண்ணீர் ஆசாரத்துக்கு ஆகாது என்றார்கள். சேர்மனே நம்மவர், ஒரு வார்த்தை சொன்னால் ஆளை மாற்றிவிடுவார் என்று எதிர்பார்த்தார்கள். ராஜாஜி மாற்றவில்லை. கோர்ட்டிலும் கோவிலிலும் தினமும் முகம் பார்க்க வேண்டிய சொந்த ஜனங்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். சேலம் முனிசிபாலிட்டியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக அங்கத்தினர் ஆவதற்கும் அவரே காரணமாக இருந்தார்.

இந்த நிகழ்ச்சியை நம்முடைய பத்திரிகையில் எழுதுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கும் எழுதும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது. அன்று ஆட்சேபித்தவர்கள் நம் தாத்தாக்களின் தலைமுறை. ஆனால் ராஜாஜியை நம்மவர் என்று பெருமை கொண்டாடும் நாம், அவர் நம்மவர்களிடமே பணிய மறுத்ததையும் சேர்த்துத்தான் ஏற்க வேண்டும். ஆசாரசீலராக, கீதையும் உபநிஷத்தும் கற்றவராக இருந்துகொண்டே அவர் இதைச் செய்தார் என்பதுதான் விசேஷம்.

அதே காலத்தில் பக்கத்து ஊரான ஈரோட்டில் முனிசிபல் சேர்மனாக இருந்தவர் ஈ.வெ. ராமசாமி. இருவருக்கும் நட்பு ஏற்பட்டது அந்த நாட்களில்தான். ராஜாஜியின் தூண்டுதலால்தான் அவர் காங்கிரசுக்கு வந்தார். பின்னாளில் இருவரும் எதிரெதிர்த் திசையில் போனார்கள். ஆனாலும் 1972-ல் ராஜாஜி மறைந்தபோது, தள்ளாத வயதில் சக்கர நாற்காலியில் தகன மைதானத்துக்கு வந்து கண்ணீர் விட்டார் ஈ.வெ.ரா. கொள்கைப் பகை நட்பைத் தொடாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

1919-ல் ராஜாஜி சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வருடம் மார்ச் மாதம் காந்திஜி அவர் வீட்டில் விருந்தினராகத் தங்கினார். வக்கீல் தொழில் போயிற்று, சிறைவாசம் வந்தது. 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம். 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரை. 1937-ல் சென்னை ராஜதானியின் பிரதம மந்திரி.

அந்தப் பதவியில் அவர் செய்த காரியங்களைப் பார்த்தால் பழைய சேலம் சேர்மன்தான் எனக்குத் தெரிகிறார். மதுவிலக்கை 1937 அக்டோபர் முதல் தேதி முதலில் கொண்டுவந்தது தாம் அறிந்த சேலம் ஜில்லாவில். கள்ளு வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி என்று யோசித்து 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். செலவுக்கு முன்னால் வரவைப் பார்ப்பது முனிசிபல் பட்ஜெட் போட்டவரின் பழக்கம். அதே 1939-ல் மதுரை மீனாட்சி கோவிலில் வைத்தியநாத ஐயர் ஹரிஜனங்களை அழைத்துக்கொண்டு நுழைந்தபோது, சட்டம் இயற்றிப் பாதுகாப்புக் கொடுத்ததும் ராஜாஜிதான். அக்ரஹாரத்துக் குழாயில் திறந்தது இருபது வருடம் கழித்துக் கோவில் வாசலில் திறந்தது.

பிறகு வங்காள கவர்னர், 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை மந்திரி. இத்தனைக்கும் பிறகு 1952-ல் 73-ஆம் வயதில் சென்னை முதல் மந்திரியாக வர ஒப்புக்கொண்டார். நாட்டின் உச்சப் பதவியை வகித்தவர் மாகாணப் பதவிக்கு இறங்கலாமா என்று பலர் வியந்தார்கள். தண்ணீர்க் குழாயையும் குப்பை வண்டியையும் கவனித்துப் பழகியவருக்கு எந்த வேலையும் தாழ்வாகத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து குடியிருக்கும் நம்மில் பலர், இந்த ஊர் முனிசிபாலிட்டி நம்முடையது அல்ல என்ற எண்ணத்திலேயே காலத்தை ஓட்டுகிறோம். தண்ணீர் வராவிட்டால் டாங்கர் லாரிக்குப் பணம் கட்டுவோம். கௌன்சிலர் யார் என்று கேட்டால் தெரியாது. பார்லிமென்ட் தேர்தலுக்கு வரிசையில் நிற்பவர்கள் வார்டு தேர்தலன்று வெளியூர் போய்விடுகிறார்கள். இந்தக் குடும்பங்களிலிருந்து ஒருவராவது வார்டு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, வரவு செலவைக் கேட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதிக்கும் சேர்த்துத் தண்ணீர் கேட்பாரானால், அது ராஜாஜி படத்துக்கு நாம் போடும் மாலையைவிட உயர்ந்தது.