மணலில் எழுதிப் படித்த ஜெர்மானியர்

தரங்கம்பாடியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம். சிறு பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, விரலால் 'அ', 'ஆ' எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் நடுவே சம்மணம் போட்டு ஒரு வெள்ளைக்காரரும் எழுதுகிறார். அவருக்கு வயது 24. பெயர் சீகன்பால்க்.

ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனாரையும் இழந்தவர். உடம்போ நோஞ்சான். இப்படிப்பட்டவரைத்தான் டென்மார்க் மன்னர் 4-ம் பிரடெரிக், கிறிஸ்தவ மதத்தைப் பரப்பும்படி தமிழ்நாட்டுக்கு அனுப்பினார். துணைக்கு வந்தவர் புளூட்சோ. 7 மாதத்துக்கு மேல் கப்பலில் வந்து, 1706 ஜூலை 9-ந் தேதி இருவரும் கரை இறங்கினார்கள்.

வரவேற்பு எப்படி? கொளுத்தும் வெயிலில் ஊர் வாசலில் மணிக்கணக்காகக் காத்து நின்றதுதான் வரவேற்பு! தரங்கம்பாடி அப்போது டேனிஷ் வியாபாரக் கம்பெனியின் கையில் இருந்தது. பாதிரிமார் வந்தால் வியாபாரம் கெடும் என்று கோட்டைத் தளபதி நினைத்தார். தங்க இடம்கூடக் காட்டவில்லை.

தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. பேசிப் பழக ஆளும் இல்லை. சீகன்பால்க் என்ன செய்தார்? 70 வயதுக் கிழ வாத்தியார் ஒருவரைத் தேடிப் பிடித்தார். அவருடைய பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். எழுத்து வந்தது. ஆனால் சொல்லுக்குப் பொருள்? அதற்கு, ஐரோப்பிய பாஷைகள் தெரிந்த அழகப்பன் என்பவர் கிடைத்தார்.

அதன் பிறகு அவர் படித்த படிப்பு சாமானியமானது அல்ல. விடிந்ததும் முதல் நாள் கற்ற சொற்களை ஒப்பிப்பார். 8 மணி முதல் நண்பகல் வரை ஓலைச்சுவடி படிப்பார். சாப்பிடும்போதும் ஒருவர் பக்கத்தில் இருந்து வாசிக்க வேண்டும். மதிய வெயிலில் சற்றே ஓய்வு. இரவில் விளக்கு வெளிச்சத்தில் படித்தால் கண் தாங்காது. அப்போதும் வேறொருவர் வாசிக்க, இவர் கேட்பார். பிடித்த நூலைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார். உள்நாட்டு ஊர்களுக்கு ஆள் அனுப்பிச் சுவடிகளை விலைக்கு வாங்கினார். 2 ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் எழுதிவிட்டார். 'கொன்றை வேந்தன்', 'உலகநீதி' இரண்டையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

சிறைவாசம்

தளபதியின் கோபம் மட்டும் ஆறவில்லை. ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்க் அவள் பக்கம் பேசினார். 1708 நவம்பரில் அவரைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார்கள். 4 மாதம் சிறை! இத்தனைக்கும், அவரை அனுப்பியவர் அந்தத் தளபதிக்கும் மேலான மன்னர்.

வெளியே வந்தவர் ஊரைவிட்டு ஓடவில்லை. விட்ட இடத்தில் வேலையைத் தொடங்கினார். பைபிளின் புதிய ஏற்பாட்டை 1711-ல் தமிழாக்கி முடித்தார்.

அச்சடிக்க வேண்டுமே! லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரம் புறப்பட்டது. வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டனர். அச்சடிக்க வந்த ஆளும் வழியிலேயே இறந்துபோனார். எப்படியோ இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது. 1713-ல் ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவையோ மிகப் பெரியவை, காகிதத்தைத் தின்றன. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715-ல் புத்தகம் முழுதாக வெளிவந்தது. காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கப் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் தொடங்கினார்கள்.

இடையில் ஐரோப்பா சென்றவர், மரியா டொரோதியா என்ற பெண்ணை மணந்து, 1716-ல் மனைவியோடு திரும்பினார். 1718-ல் புதிய ஆலயம் கட்டி முடிந்தது. ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. டென்மார்க்கிலிருந்து மேலதிகாரிகள் எழுதிய கடுமையான கடிதங்கள் மனத்தையும் நோகடித்தன. 1719 பிப்ரவரி 23-ந் தேதி காலமானார். வயது 36தான். அந்த ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் ஒரு பெரிய நூல் எழுதி, தாம் படித்த ஹாலே நகருக்கு அனுப்பியிருந்தார். அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினால், அதைப் பற்றியே எழுதுவதா என்று அங்கிருந்த பெரியவர்கள் அதை மூலையில் போட்டுவிட்டார்கள். அது அச்சேறியது 1867-ல், சென்னையில்!