நடிகர் செஷ்ஷு ஹயகாவா

சினிமா வெறும் பொழுதுபோக்கு என்று நம்மவருட் பலர் எண்ணுகின்றனர். பேசாப் படக் காலத்தில் பிரசித்தி பெற்ற ஜப்பானிய நடிகர் செஷ்ஷு ஹயகாவாவின் சரித்திரத்தை அறிவோர் அவ்வாறு எண்ணார் என்பது நமது துணிபு.

ஹயகாவா 1886-ல் ஜப்பானில் சிபா பகுதியில் பிறந்தவர். இளமையிலேயே அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஜப்பானிய நாடகங்களில் நடித்துவந்தார். 1914-ல் தாமஸ் இன்ஸ் என்னும் படமுதலாளி அவரைத் திரைக்கு அழைத்துக்கொண்டார். மறு ஆண்டு ஸிஸில் டிமில் எடுத்த 'தி சீட்' என்னும் படம் அவருக்குப் பெரும் புகழ் தந்தது. அதில் அவர் பூண்ட வேஷமோ, தம்மிடம் பணம் பெற்ற வெள்ளைக்கார மாதின் தோளில் சூடு போடும் ஜப்பானியத் தனவந்தனுடையது. அமெரிக்க மாதர் அவர் நடிப்பில் மயங்கினர். அங்கே குடியேறியிருந்த ஜப்பானியரோ, தம் ஜாதியின் மானம் போயிற்றென்று கொதித்தெழுந்தனர். அவர்களுடைய பத்திரிகை வன்மையாகக் கண்டித்தது.

1918-ல் அப்படம் மீண்டும் வெளிவந்தது. அதே முகம், அதே சூடு. திரையில் வரும் எழுத்துக்களில் மட்டும் ஜப்பானியன் பர்மாக்காரனாகி விட்டான்! ஜப்பான் அன்று சுதந்திர வல்லரசு; மகா யுத்தத்தில் நேசக் கட்சியைச் சேர்ந்தது. பர்மாவோ பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அடிமை நாட்டின்மேல் பழியைச் சுமத்தினால் கேட்பார் எவர்?

அவ்வாண்டிலேயே ஹயகாவா ஹாவொர்த் என்னும் சொந்தக் கம்பெனியை நிறுவி, 20-க்கு மேற்பட்ட படங்களை வெளியிட்டார். 1919-ல் மனைவி ட்சுரு அயோகியுடன் நடித்த 'டிராகன் பெயின்டர்' ஜப்பானியச் சித்திரக்காரன் ஒருவனின் கதை. ஆயினும் நிறத்துவேஷம் தணியவில்லை. வெள்ளையர் ஆசியரை மணப்பதைக் கலிபோர்னியாச் சட்டம் 1948 வரை தடுத்துவந்தது; திரையிலும் அவர் வெள்ளைப் பெண்ணைக் கைப்பிடிப்பது அரிதாயிற்று. 1922-ல் அமெரிக்காவை விட்டு நீங்கிய அவர், பிரான்ஸிலும் நடித்துப் புகழ் பெற்றார்.

1957-ல் இலங்கையில் எடுக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில் ஜப்பானியத் தளபதியாக நடித்தமைக்காக ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயர் குறிக்கப்பட்டது. 1973-ல் டோக்கியோவில் காலமானார்.

அப்படம் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றியது. அங்கே பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் மலேயாத் தமிழருக்கு அப்படத்தில் இடமில்லை. சுயராஜ்யமற்ற ஜாதி பிறர் கதையில் துஷ்டனாகும். அன்றேல் மறைந்தே போகும். சுதந்திரம் பெற்ற பின்னும் நம் கதையை நாமே சொல்லாதிருந்தால் குற்றம் பிறருடையதன்று.