ஆட்டப் பட்டியலில் இல்லாத பெயர்

மலேசிய இந்தியர்களின் விளையாட்டுச் சாதனை என்றதும் நம் மாணவர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவர்கள் காற்பந்துக் கோல் காவலர் ஆறுமுகமும் ஓட்டக்காரர் ஜெகதீசனும்தான். அவர்களுக்கெல்லாம் முன்பே உலகத் திடலில் ஓடிய ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் லால் சிங்.

1909 டிசம்பர் 16ஆம் நாள், கோலாலம்பூரில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் அவர் பிறந்தார். எங்கள் பேராக் தோட்டங்களில் நம் பாட்டன்மார் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலம் அது. ஈப்போ பாடாங் போன்ற திடல்களில் கிரிக்கெட் என்றால் துரைமார்களின் பொழுதுபோக்கு. அந்த ஆட்டத்தைக் கற்று, அதில் துரைமார்களையே அவர்கள் நாட்டில் எதிர்கொண்டார் லால் சிங்.

மலாயாவிலிருந்து இந்தியா சென்ற அவர், 1932இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட இந்திய அணியில் இடம்பிடித்தார். அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள், சி. கே. நாயுடு தலைமையில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை லார்ட்ஸ் திடலில் தொடங்கியது. முகமது நிசார் விரைவிலேயே இரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். அடுத்து, புகழ்பெற்ற ஆட்டக்காரர் வூல்லியை லால் சிங் பாய்ந்து பந்தெடுத்து ரன் அவுட் ஆக்கினார். இங்கிலாந்து 19 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்து தடுமாறியது.

அந்த ஆட்டப் பட்டியலைப் பார்த்தால் வூல்லியின் பெயருக்கு எதிரே "ரன் அவுட், 9" என்று மட்டுமே இருக்கும். பந்து வீசியவருக்கும் பந்தைப் பிடித்தவருக்கும் பட்டியலில் இடமுண்டு; ஓடி வந்து எறிந்தவருக்கு இல்லை. ரப்பர் மூட்டையில் பால் எடுத்தவரின் பெயர் இல்லாதது போலத்தான் இதுவும்.

மட்டை பிடித்தபோது லால் சிங் எடுத்தவை 15, 29. இரண்டாம் இன்னிங்சில் அமர் சிங்குடன் இணைந்து 40 நிமிடத்தில் 74 ஓட்டங்கள் சேர்த்தார். ஆயினும் இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றது. அதன்பின் அவருக்கு டெஸ்ட் வாய்ப்பே கிட்டவில்லை. தென் பஞ்சாப் அணிக்குச் சில காலம் ஆடிவிட்டுத் தாயகம் திரும்பியவர், பிற்காலத்தில் கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் திடலைப் பராமரிக்கும் பணி செய்தார். 1985 நவம்பரில் அங்கேயே காலமானார்.

லால் சிங்குக்காவது ஒரு டெஸ்ட் ஆட்டம் சாட்சியாக நிற்கிறது. நம் தோட்டத் திடல்களில் வெறுங்காலோடு ஆடியவர்களுக்கு அதுவும் கிடையாது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன; திடல்களும் உடன் போயின. எனவே மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஊர் திரும்பும்போது, உங்கள் தோட்ட அணியில் ஆடியவர்களின் பெயர்களைத் தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் அவர்களோடு அந்தப் பெயர்களும் போய்விடும்.