டூபாக் அமாரு ஷக்கூர்

செல்வமும் கல்வியும் நிறைந்த மனையிற் பிறந்து கவிபாடிப் புகழெய்தினோர் பலர். வறுமையும் அச்சமும் சூழ்ந்த வீதியில் வளர்ந்து, அவ்வீதியின் பேச்சையே பாட்டாக்கி, இருபத்தைந்து பிராயத்துக்குள் உலகமறியப் பாடி மறைந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்கக் கறுப்பினத்தவராகிய டூபாக் அமாரு ஷக்கூர். அவரைத் தெய்வமெனக் கொண்டாடினோரும் உளர். தீயோரெனத் தள்ளினோரும் உளர். நாம் அவ்விரண்டையும் விடுத்து, நிகழ்ந்தவாறே அவர் சரித்திரத்தைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் அவர் பாடிய பாட்டின் தன்மையை அறிதல் வேண்டும். ராப் என்பது, இராகம் விரித்துப் பாடாது, ஒலிக்கும் தாளத்துக்கு இயைய இயைபுத் தொடை அமைந்த அடிகளை விரைந்து பேசுமாறு சொல்லிச் செல்வது. 1970க்களில் நியூயார்க்கு நகரின் பிராங்க்ஸ் பகுதியில், பணமற்ற இளைஞரிடையே இது தோன்றிற்று. வீணை வேண்டா, பிடில் வேண்டா. நாவும் சுழலும் இசைத்தட்டுமே போதும். ஆதலின் ஏழைகளிடையே அது விரைவிற் பரவியது.

டூபாக் 1971ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் நியூயார்க்கில் ஜனித்தார். அவர் அன்னையார் அபேனி ஷக்கூர், கருஞ்சிறுத்தைக் கட்சியைச் சேர்ந்தவர். சதிக்குற்றம் சாட்டப்பெற்றுச் சிறைப்பட்ட அவர், கருவுற்றிருந்த நிலையில் வக்கீலின்றித் தாமே நீதிமன்றத்தில் வாதாடி, மகன் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னர் விடுதலை பெற்றார். பதினெட்டாம் நூற்றாண்டிற் பெரு நாட்டில் ஸ்பானியர் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து, 1781இல் கொல்லப்பட்ட தலைவர் ஒருவரின் பெயரையே அவ்வம்மையார் தம் மகனுக்குச் சூட்டினார். பெயரிலேயே ஒரு போர் அமைந்தது என்னலாம்.

குடும்பத்தில் வறுமை நீங்கியதில்லை. ஆயினும் பிள்ளைக்குக் கலையார்வம் மிக்கிருந்தது. ஹார்லெமில் அப்போலோ அரங்கில், லொரெய்ன் ஹான்ஸ்பெரி அம்மையார் இயற்றிய நாடகத்திற் சிறுவன் வேடம் தாங்கி நடித்தார். பின்னர்க் குடும்பம் பால்டிமோர் நகருக்குப் பெயர, அங்குள்ள கலைப்பள்ளியில் இடம் கிடைத்தது. ஷேக்ஸ்பியர் நாடகம், கவிதை, பாலே நடனம் ஆகியவற்றை அங்கே பயின்றார். அவர் வாழ்நாளில் அமைதி நிலவிய காலம் அதுவே எனலாம். அஃது நீடிக்கவில்லை. 1988இல், படிப்பு முடியுமுன்னரே, கலிபோர்னியாவிலுள்ள மாரின் சிட்டிக்குச் செல்ல நேர்ந்தது. அன்னையாரோ கொடிய போதைப் பழக்கத்துக்கு ஆட்பட்டார். பள்ளி மறைந்தது, வீதி எஞ்சியது.

பாடகர் குழுவொன்றில் ஆடுவோராகவும் ஏவல் செய்வோராகவும் சேர்ந்து, 1991இல் தமது முதல் இசைத்தொகுதியை வெளியிட்டார். அதில், பன்னிரண்டு வயதிற் கருவுற்று யாருமற்று அழிந்த சிறுமி ஒருத்தியின் கதையைப் பாடியிருந்தார். காவலர் கொடுமையைச் சாடிய பாடல்களும் அதில் இருந்தன. 1992இல் துணை ஜனாதிபதி டான் குவேல் அத்தொகுதியைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அவ்வாண்டே ஜூஸ் என்னும் படத்தில், துப்பாக்கியின் வெறி தலைக்கேறிய இளைஞனாக நடித்துப் பெரும்பெயர் பெற்றார்.

கீர்த்தியோடு வழக்குகளும் வளர்ந்தன. 1994 நவம்பர் 30ஆம் நாள் நியூயார்க்கில் ஒலிப்பதிவுக்கூடமொன்றின் வாயிலிற் சுடப்பட்டு உயிர் தப்பினார். மறுநாளே, ஒரு பெண்ணிடம் முறைதவறி நடந்த குற்றத்துக்கு நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. அவர் அதனை மறுத்தே வந்தார், தீர்ப்போ நின்றது. சிறையில் இருக்கும்போதே, 1995இல் வெளிவந்த அவரது மூன்றாம் தொகுதி அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதிலுள்ளதே டியர் மாமா என்னும் பாடல். அன்னையின் குறையை மறையாது, அவர்பட்ட பாட்டை நன்றியுடன் கூறும் அப்பாடல், 2010இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பிற் சேர்க்கப்பெற்றது. தாயை இங்ஙனம் போற்றிய நாவும், அத்தீர்ப்பைச் சுமந்த பெயரும் ஒருவருடையனவே. இம்முரண்பாட்டை மறைத்து எழுதுதல் சரித்திரமாகாது.

1995 அக்டோபரில், ஒலித்தட்டுக் கம்பெனித் தலைவர் ஒருவர் 14 லட்சம் டாலர் ஜாமீனுக்கு ஏற்பாடு செய்ய, டூபாக் வெளிவந்து அக்கம்பெனிக்கே பாடலானார். கிழக்குக் கரைப் பாடகருக்கும் மேற்குக் கரைப் பாடகருக்கும் அக்காலத்தே பகை மூண்டிருந்தது. முன்னர் நண்பராயிருந்த கிறிஸ்டபர் வாலஸ் என்பாரைத் தம்மைச் சுட்டோரோடு தொடர்புடையாரென ஐயுற்று, பாட்டாலேயே தாக்கினார். 1996 செப்டம்பர் 7ஆம் நாள் லாஸ் வேகாஸில் குத்துச்சண்டை ஒன்றைக் கண்டபின், அவரும் தோழரும் ஒருவனை அடித்தனர். சில மணி நேரத்துக்குள், வீதியில் விளக்குக்காக நின்ற காரில் அவர் சுடப்பட்டார். 13ஆம் நாள் உயிர் நீத்தார். ஆறு திங்களுள் வாலஸும் சுட்டுக் கொல்லப்பட்டார். டூபாக்கின் கொலை தொடர்பாக ஒருவர் கைது செய்யப்பட்டது 2023இல்தான்.

இளமையில் அவர் எழுதிய கவிதைகள் 1999இல் நூலாயின. போதையினின்று மீண்ட அன்னையார், மகனார் விட்டுச்சென்ற பாடல்களைப் பேணிக்காத்து 2016இல் மறைந்தார்.

நிற்க. நாம் இச்சரித்திரத்தினின்று அறிவது யாது? நடிக்கக் கற்றவர் அவர். வேடத்தைக் களைதற்கும் ஓர் இடம் வேண்டும். அவருக்கோ அரங்கம் பறிபோய் வீதியே அரங்காயிற்று. சினத்தைப் பாடியவர், பாடி முடித்த பின்னும் அச்சினத்தை அணிந்தே திரிந்தார். அவர் குற்றத்தை அவரே சுமக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பதினேழு பிராயத்துப் பிள்ளையொருவன் கலைப்பள்ளியின் வாயிலை விட்டு நடந்த அந்நாளில், அவனை நிறுத்திவைக்க ஒரு கரமும் நீளவில்லையே என்பதை நினைக்குந்தோறும் நம் நெஞ்சம் நோகின்றது. வகுப்பில் நம்மருகே அமர்ந்திருந்து, ஒருநாள் காரணம் கூறாது நின்றுவிட்ட தோழர் ஒருவர் நம்மிற் பலர்க்கும் நினைவில் இருப்பர். அவரைத் தேடிச் சென்று வினவுதல் நம் கடனன்றோ?